வலி வரும் வழி

சிசேரியன் முடிந்த மறுநாள் காலையில் பிரசவ வார்டுக்குள் போனால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, "எழுந்து நடக்கணும்மா, படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்" என்கிறார் சிஸ்டர். மல்லாந்து கிடக்கும் அந்தப் பெண் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறார். முடியவில்லை. மெல்ல ஒருக்களிக்கிறார். ஒரு கையை மெத்தையில் ஊன்றி, மறு கையால் அடிவயிற்றை ஏந்திப் பிடித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, எப்படியோ உட்கார்ந்துவிடுகிறார். மூச்சு அப்படியே நிற்கிறது. கண் கலங்குகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, "அப்படித்தான் இருக்கும் கண்ணு, பொறுத்துக்கோ" என்கிறார்.

அந்த "அப்படித்தான் இருக்கும்" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதற்கு மருத்துவத்தில் கடந்த ஐம்பது ஆண்டுகளாகச் சான்று சேர்ந்துகொண்டே வருகிறது. உலகில் இன்று ஐந்தில் ஒரு குழந்தை சிசேரியனில் பிறக்கிறது என்று 2021 இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் அது 100க்கு 45 என்கிறது 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு. இத்தனை அறுவை தேவையா என்பது வேறு வழக்கு. கத்தி பட்டுவிட்ட உடம்புக்கு என்ன செய்கிறோம் என்பது தனி வழக்கு. அதை ஒத்திப்போட முடியாது. வேறு எந்தப் பெரிய அறுவைக்குப் பிறகும் நோயாளியிடம், இதோ ஒரு சிசு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பார்த்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போவதில்லை.

வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! தையல் இருக்கும் இடத்தைக் கேட்டால் "சுள்ளுனு இருக்கு", "கொளுத்துது" என்பார்கள். பால் கொடுக்கும்போது எப்படி என்று கேட்டால், அதே வாய் வேறு சொல்லை எடுக்கும்: "அடிவயித்த இழுத்துப் பிடிக்குது", "முறுக்குது". அந்தப் பெண்கள் யாரும் உடற்கூறு படித்தவர்கள் அல்லர். ஆனாலும் இரண்டு வெவ்வேறு நரம்புப் பாதைகளை இரண்டு வெவ்வேறு சொற்களால் சரியாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

முதல் வலி வயிற்றுச் சுவருடையது. சிசேரியனில் தோல், கொழுப்பு, தசையை மூடியிருக்கும் வெள்ளை உறை எல்லாம் வெட்டுப்படுகின்றன. தசைகளைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை. நடுவில் பிரித்து இரு பக்கமும் விலக்குகிறார்கள். அதற்குக் கீழே வயிற்றறைச் சவ்வு, பிறகு கர்ப்பப்பை. இந்தச் சுவருக்கான நரம்புகள் முதுகெலும்பிலிருந்து புறப்பட்டு, விலாவைச் சுற்றி, தசை அடுக்குகளுக்கு இடையே நுழைந்து, அரைஞாண் கயிறு போல உடம்பை வளைத்து முன்பக்கம் வருகின்றன. எங்கே வெட்டு என்று விரல் வைத்துக் காட்டும் அளவுக்குத் துல்லியமாகச் செய்தி சொல்பவை இவை. இருமினால், சிரித்தால், எழுந்தால் சுள்ளென்று அடிப்பது இவற்றின் வேலை.

இரண்டாம் வலி கர்ப்பப்பையுடையது. உள்ளுறுப்புகளின் வலிக்கு முகவரி கிடையாது. அடிவயிறு, இடுப்பு, கீழ்முதுகு என்று மங்கலாகப் பரவி நிற்கும். பிள்ளை மார்பில் வாய் வைத்துச் சப்பியதும் மூளையின் அடியிலிருந்து ஆக்சிடோசின் சுரக்கிறது. பால் இறங்குவதும் அதனால்தான். கர்ப்பப்பை சுருங்குவதும் அதனால்தான். அந்தச் சுருக்கம் தேவையானது. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் வாய் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை அதுதான் நெரித்து மூடுகிறது. இரண்டாம், மூன்றாம் பிள்ளைக்காரிகளுக்கு இந்த வலி கூடுதல். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது எப்போதோ தெரியும்.

இப்படி வலி இரண்டு வழியில் வருகிறது. கூடவே, வெட்டுப்பட்ட திசுக்கள் எல்லாம் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைக் கக்கி, நரம்பு முனைகளைத் தொட்டாற்சிணுங்கி ஆக்கிவைக்கின்றன. எந்த வலிநிவாரணம் சிறந்தது என்று கேட்டால், எந்த வழியை அது அடைக்கிறது என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

அறுவை அரங்கிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான சிசேரியன்களில் முழு மயக்கம் கொடுப்பதில்லை. முதுகுத்தண்டில் ஊசி போடுகிறார்கள். முதுகை வளைத்து உட்காரச் சொல்லி, இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு இடையே தலைமுடியைப் போன்ற மெல்லிய ஊசி ஒன்று உள்ளே போகிறது. ஊசியின் பின்முனையில் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்க்கும். மயக்க மருத்துவர் காத்திருப்பது அந்தச் சொட்டுக்காகத்தான். தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் நீர் அது. அதில் புபிவகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தை ஏறக்குறைய 2 மில்லி செலுத்தினால், சில நிமிடங்களில் மார்புக்குக் கீழே வலி அற்றுப்போகும். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த மரத்தல் விலகிவிடும். கால் விரல் அசையத் தொடங்கும்போதே வலியும் வரத் தொடங்குகிறது.

அதே ஊசியில் கூடுதலாக 0.1 மில்லிகிராம் மார்ஃபினைச் சேர்த்துவிட்டால் கதை மாறுகிறது. 0.1 மில்லிகிராம் என்பது எவ்வளவு? சமையலறைத் தூள் உப்பில் இரண்டு பரலை விரல் நுனியில் ஒட்டி எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு எடை. அந்த இரண்டு பரல் ஒரு பெண்ணின் அடிவயிற்று வலியை 12 மணி முதல் 24 மணி நேரம் வரை தணித்துவைக்கிறது. இதே மார்ஃபினைச் சதையில் ஊசியாகப் போட்டால் 10 மில்லிகிராம், அதாவது நூறு மடங்கு வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் அதன் வேலையும் முடிந்துவிடும். முதன்முதலில் இந்தக் கணக்கைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அச்சுப்பிழை அல்ல, காரணம் இருக்கிறது. அபினின் சத்தான மார்ஃபின் மூளையில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பதை, அதற்கென்றே அமைந்த ஏற்பிகளைக் கண்டு, 1973 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். அதே ஏற்பிகள் தண்டுவடத்தின் பின்பகுதியிலும், வலிச் செய்தி உடம்பிலிருந்து வந்து கைமாறும் இடத்திலேயே, கூட்டமாக இருக்கின்றன. 1976 இல் டோனி யாக்ஷ், தாமஸ் ரூடி இருவரும் எலிகளின் தண்டுவட நீரில் நேரடியாக மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். வலி அடங்கியது. 1979 இல் புற்றுநோயின் கடும் வலியில் இருந்தவர்களுக்கு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அதைச் செய்தார்கள். அங்கிருந்து பிரசவ அரங்குக்கு வர அதிக காலம் ஆகவில்லை. ரத்தத்தில் கலக்கும் மருந்து ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்வது போல. தண்டுவட நீரில் கலப்பது, சேதி போய்ச் சேர வேண்டியவர் காதில் சொல்வது போல.

அது ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது? மார்ஃபின் நீரை விரும்பும் பொருள். கொழுப்பு நிறைந்த நரம்புத் திசுவுக்குள் சட்டென்று புகாமல், தண்டுவட நீரிலேயே தங்கி மெல்ல மெல்ல வேலை செய்கிறது. அதன் உறவான ஃபென்டனில் கொழுப்பை விரும்புவது. உடனே உள்ளே போய் உடனே வெளியேறிவிடும். அதனால் அறுவையின்போது கர்ப்பப்பையை இழுக்கும் சங்கடத்துக்கு ஃபென்டனில் உதவும். இரவு முழுக்க நிற்க மார்ஃபின்தான் வேண்டும். இந்த மருந்து தண்டுவடத்தில் வேலை செய்வதால் சுவர் வலி, கர்ப்பப்பை வலி இரண்டுமே அதில் அடங்கும். இரு வழிகளும் சேரும் முச்சந்தியில் நின்று மறிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை இல்லாமல் இல்லை. அரிப்பு வரும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கே வரலாம். மூக்கு நுனியும் முகமும் நமநமவென்று அரிக்கும். இது ஒவ்வாமை அல்ல; நரம்புகளில் மார்ஃபின் செய்யும் வேலை. வழக்கமான அலர்ஜி மாத்திரைக்கு இது பெரிதாகக் கட்டுப்படாது. குமட்டலும் உண்டு. மிக அரிதாக, பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சு மந்தப்படலாம். நீரில் மிதக்கும் மார்ஃபின் மெல்ல மேலேறி மூளைத்தண்டை எட்டுவதால் அப்படி. அதனால் இரவில் குறித்த நேரத்துக்கு ஒருமுறை யாராவது வந்து மூச்சை எண்ண வேண்டும். அளவை ஏற்றினால் வலி அதற்கேற்பக் குறைவதில்லை, அரிப்பும் குமட்டலும்தான் கூடுகின்றன என்று தெரிந்ததால், இன்றைய பரிந்துரை 0.05 முதல் 0.1 மில்லிகிராம் வரை, அதிகம் போனால் 0.15 என்ற அளவில் நிற்கிறது.

இனி, அரைஞாண் நரம்புகளை வழியிலேயே மறிக்கும் முறைக்கு வருவோம். டேப் பிளாக் என்பது அதன் பெயர். 2001 இல் ரஃபி என்ற மருத்துவர் அதை முதலில் விவரித்தார். இடுப்பெலும்பின் விளிம்புக்கு மேலே, பக்கவாட்டில், வயிற்றுச் சுவர் மூன்று தசை அடுக்குகளால் ஆனது. நடு அடுக்குக்கும் உள் அடுக்குக்கும் இடையே உள்ள சந்தில்தான் நரம்புகள் ஓடுகின்றன. ஆரம்பத்தில் ஊசி ஒவ்வொரு உறையையும் துளைக்கும்போது கைக்குத் தெரியும் "டொக்" என்ற உணர்வை இருமுறை எண்ணித்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று அல்ட்ராசவுண்ட் உண்டு. திரையில் மூன்று கறுப்புப் பட்டைகள், நடுவே வெள்ளைக் கோடுகள். ஊசி முனை சரியான கோட்டைத் தொட்டு மருந்து இறங்கும்போது, ஒட்டிக்கிடந்த இரண்டு பட்டைகள் மெல்லப் பிரிந்து, நடுவில் ஒரு கண் திறப்பது போல மருந்து விரிகிறது. பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மில்லி. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

இது சுவர் வலிக்கு மட்டும்தான். கர்ப்பப்பையின் முறுக்கல் வேறு வழியில் போவதால் இதற்குக் கட்டுப்படாது. அதையும் பிடிக்கலாமே என்ற நம்பிக்கையில் பின்னால் வந்தது, முதுகுத்தசையை ஒட்டி இன்னும் பின்பக்கம் தள்ளிப் போடும் குவாட்ரேட்டஸ் லம்போரம் பிளாக். முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன.

இங்கேதான் ஒப்பீடு சுவாரசியமாகிறது. 2008 இல் அயர்லாந்தில் 50 தாய்மாரிடம் நடந்த ஆய்வில், டேப் பிளாக் போட்டவர்களுக்கு அடுத்த 48 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்ஃபின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு கனடாவில் அதே பிளாக்கைச் சோதித்தார்கள். போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. யார் சொல்வது உண்மை? இரண்டும்தான். அயர்லாந்து ஆய்வில் முதுகு ஊசியில் மார்ஃபின் சேர்க்கப்படவில்லை. கனடாவில் எல்லோருக்கும் சேர்த்திருந்தார்கள். ஏற்கெனவே மறிக்கப்பட்ட சாலையில் இன்னொரு தடுப்பு வைத்தால் என்ன தெரியும்? 2011 இல் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு, வலியில் முதுகு மார்ஃபின் முந்துகிறது, அரிப்பிலும் அதுவே முந்துகிறது என்றது.

ஒரு சிகிச்சை "பயன்தரும்", "பயன்தராது" என்று தலைப்புச் செய்தி படிக்கும்போதெல்லாம் நான் இந்த மூன்று ஆய்வுகளை நினைத்துக்கொள்கிறேன். எதனோடு ஒப்பிட்டார்கள்? மற்றவர்களுக்கு ஏற்கெனவே என்ன கிடைத்திருந்தது? இந்த இரண்டும் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எனவே, முதுகு மார்ஃபின் கிடைத்த தாய்க்கு டேப் பிளாக் வீண் அலங்காரம். அவசரத்தில் முழு மயக்கம் கொடுத்து அறுத்த தாய்க்கும், மார்ஃபின் இல்லாத மருத்துவமனையில் படுத்திருக்கும் தாய்க்கும் அது பெரிய வரம். ஸ்கேன் கருவி இல்லாத இடத்தில், தையல் போடும் மருத்துவரே காயத்தின் விளிம்புகளில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் இறக்கிவிடலாம். அதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் போதும்.

மார்ஃபின் இல்லாத மருத்துவமனை என்றேன். அதில் ஒரு வேதனை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. அதன் காயைக் கீறி வடியும் பால் நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளுக்குப் போகிறது. அபின் பாலை இப்படிச் சட்டப்படி எடுத்து ஏற்றுமதி செய்யும் நாடு நாம். ஆனால் 1985 இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு உரிமம், பதிவேடு, தண்டனை என்ற அச்சத்தில் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014 இல் சட்டத்தைத் திருத்தி வழியை இலேசாக்கினார்கள். பழகிப்போன அச்சம் அவ்வளவு சீக்கிரம் விலகவில்லை. போதாக்குறைக்கு, தண்டுவடத்தில் செலுத்தப் பதப்படுத்தும் பொருள் கலக்காத மார்ஃபின் வேண்டும். ஒரு மில்லியில் 10 அல்லது 15 மில்லிகிராம் இருக்கும் சீசாவிலிருந்து 0.1 மில்லிகிராமை எடுக்க, கவனமாக நீர்த்துப்போகச் செய்ய வேண்டும். ஒரு புள்ளி தவறினால் பத்து மடங்கு போய்விடும். இரவில் மூச்சை எண்ண ஆள் வேண்டும். ஒரு சிஸ்டர் முப்பது கட்டிலைப் பார்க்கும் வார்டில் ஒரு மருத்துவர் மார்ஃபின் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்படியானால் அந்த வார்டுக்கு என்ன வழி? நிபுணர் குழுக்களின் இன்றைய பரிந்துரைகளைப் புரட்டினால், ஊசி வித்தைகளோடு சம வரிசையில் இரண்டு எளிய பெயர்கள் நிற்கும். ஒன்று பாராசிட்டமால். இன்னொன்று டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுப்ரூஃபென் போன்ற வீக்கம் தணிக்கும் மாத்திரை. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை இந்த இரண்டாம் வகை மருந்துகள் தடுக்கின்றன என்று 1971 இல் காட்டியவர் ஜான் வேன். 1982 இல் நோபல் பரிசு பெற்றார். கர்ப்பப்பை சுருங்கிப் பிடிக்கும் வலியில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பெரும் பங்கு இருப்பதால், டேப் பிளாக் தொட முடியாத அந்த முறுக்கலை ஒரு சாதாரண மாத்திரை பிடித்துவிடுகிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தில் வேறு விதமாக வேலை செய்வதால், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஒன்றை ஒன்று இடிக்காது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டாம் வகையில் எச்சரிக்கை வேண்டும். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் மாத்திரையைவிட முக்கியமானது அது வரும் விதம். நம் வார்டுகளில் பெரும்பாலும் வலிமாத்திரை கேட்டால் வருகிறது. அதைக் கேட்க முதலில் தாங்க முடியாமல் போக வேண்டும். பிறகு சிஸ்டரைத் தேட வேண்டும். அவர் வர நேரமாகும். விழுங்கிய மாத்திரை வேலை செய்ய இன்னும் அரை மணி, ஒரு மணி. அதற்குள் நரம்புகள் கொதித்துப்போயிருக்கும். வலி இருக்கிறதோ இல்லையோ 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால் 1 கிராம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தால், பின்னால் தேவைப்படும் வலுவான மருந்துகளின் அளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரை அதேதான், விலையும் அதேதான். காலை 8, மதியம் 2, இரவு 8, நள்ளிரவு 2 என்று கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் ஒரு வரி கூடுதல். இதை எழுதும்போதே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, இவ்வளவு மலிவான ஒன்று ஏன் இன்னும் எல்லாக் கட்டிலுக்கும் போய்ச் சேரவில்லை என்று.

மாத்திரை வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. "பச்சை உடம்பு, பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போயிடும்" என்ற அச்சம் அது. அன்பிலிருந்து வருவதால் அதை எள்ளக் கூடாது. பதில் சொல்ல வேண்டும். பாராசிட்டமாலும் ஐபுப்ரூஃபெனும் பாலில் இறங்கும் அளவு மிகச் சொற்பம். பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவர் நேரடியாகக் கொடுக்கும் பாராசிட்டமாலின் அளவு அதைவிடப் பல மடங்கு. அஞ்ச வேண்டிய மருந்துகள் வேறு. கோடீன் உடம்புக்குள் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. சிலருடைய ஈரல் பிறவியிலேயே அந்த மாற்றத்தை மிக வேகமாகச் செய்துவிடும். அப்படிப்பட்ட ஒரு தாயின் பாலைக் குடித்த குழந்தை கனடாவில் 2005 இல் இறந்துபோனது. அதன் பிறகே உலகம் விழித்தது. டிரமடாலும் ஈரலில் அதே நொதியால் மாற்றப்படுவதுதான். 2017 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பாலூட்டும் தாய்மார் இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும் என்று எச்சரித்தது. நம் ஊரில் டிரமடால் ஊசி சர்வசாதாரணம். அட்டையில் அந்தப் பெயர் இருந்தால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

இன்னொரு பழியையும் இறக்கிவைத்துவிட வேண்டும். "முதுகுல ஊசி போட்டாங்க, அன்னைக்குப் பிடிச்ச முதுகுவலி" என்று பத்து ஆண்டு கழித்தும் சொல்வார்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீளும் முதுகுவலிக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. கர்ப்பத்தில் முன்னால் இழுபட்ட முதுகும், தளர்ந்த மூட்டுகளும், குனிந்தபடியே பால் கொடுத்த மாதங்களும், இடுப்பில் சுமந்த பிள்ளையும் இருக்கும்போது எல்லாப் பழியும் ஊசிமேல் விழுந்துவிடுகிறது.

வலியை அளக்கக் கருவி இல்லை. சுழியம் முதல் பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் ஆய்வுகளின் அளவுகோல். அசையாமல் படுத்திருக்கும்போது கேட்டால் இரண்டு என்பார்; எழும்போது கேட்டால் ஏழு என்பார். அதனால் நல்ல ஆய்வுகள் இரண்டையும் தனித்தனியாகக் குறிக்கின்றன. பெண்களின் சொல்லை நம்பலாமா என்ற ஐயத்துக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. முதுகு மார்ஃபின் அளவைத் தாய்மாரே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுப் பார்த்தார்கள் அமெரிக்காவில்: வலி குறைவு அரிப்பு அதிகம், அல்லது வலி சற்றுக் கூடுதல் அரிப்பு குறைவு. கூடுதல் அளவைக் கேட்டு வாங்கியவர்களுக்கு அதற்குப் பிறகும் மற்றவர்களைவிட அதிக மருந்து தேவைப்பட்டது. தன் உடம்புக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதை அறுவைக்கு முன்பே அவர்கள் கணித்திருந்தார்கள்.

நம் வார்டில் எண் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "பரவாயில்லை". மாமியார் பக்கத்தில் நிற்பார். கணவர் வாசலில் நிற்பார். யார் முன்னால் என்ன எண் சொல்வது? இது தெரிந்த ஒரு மூத்த சிஸ்டரை நான் பார்த்திருக்கிறேன். அவர் எண் கேட்பதே இல்லை. "எங்க, பிள்ளையைத் தூக்கி மடியில வச்சுக் காட்டு பாப்போம்" என்பார். அந்தப் பெண் ஒருக்களித்து, கையை ஊன்றி, பாதி எழுந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். சிஸ்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் நேரத்தைக் குறித்துவிட்டு, மாத்திரையையும் ஒரு டம்ளர் வெந்நீரையும் நீட்டுவார். "இதைப் போட்டுக்க. ஒரு மணி நேரம் கழிச்சு வரேன், அப்பத் தூக்கலாம்."